கித்தான் டாங்கிக்கு இரண்டு வருட உத்தரவாதம்

நாட்டின் பாதுகாப்பு விலைமதிப்பற்றது என்று மேடையில் முழங்குகிறவர்கள் யாரும் கடை வைத்துப் பழகியவர்கள் இல்லை. விலை இருக்கிறது. சதுர மீட்டருக்கு நூற்றெண்பது. மொத்தமாக எடுத்தால் நூற்றறுபது. தையல் கூலி தனி.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். விற்றவன் நான்தான்.

எங்களுடையது கூடாரக் கடை. லாரிக்குப் படுதா, கடை வாசலுக்கு நிழல், சர்க்கஸ்காரர்களுக்குக் கொட்டகை என்று கித்தான் துணியில் எது கேட்டாலும் தைத்துக் கொடுப்போம். சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் தலையாட்டுகிறவரை எங்கள் குடும்பத்தில் கொஞ்சம் கவலையோடுதான் பார்ப்போம். ஒன்று உடம்பு சரியில்லாதவராக இருப்பார், இல்லையென்றால் அரசாங்கமாக இருப்பார். அன்றைக்கு வந்தவர் நல்ல ஆரோக்கியமாக இருந்தார்.

"நாப்பது டாங்கி வேணும்," என்றார் கல்லாப் பக்கம் குனிந்து.

"தண்ணிக்கா சார்?"

"போருக்கு. சுடற டாங்கி."

"நாங்க துணியிலதான் செய்வோம்."

"அதனாலதான் வந்திருக்கேன். சுடற மாதிரி இருக்கணும். சுடக் கூடாது."

இப்படித்தான் "தோற்றப் பாதுகாப்புத் துறை"யோடு எனக்குத் தொடர்பு ஏற்பட்டது. இருப்பதைக் காப்பாற்ற எல்லா நாட்டிலும் துறை உண்டு. இல்லாததைக் காப்பாற்றுவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஒரு துறையை நடத்துகிற தொலைநோக்கு லேசில் வராது. ஆற்றுக்கு அக்கரையில் பகை நாடு. இக்கரையில் நம் வெட்டவெளி. அதில் நாற்பது டாங்கி நிற்பதை அவர்கள் பார்த்தால் போதும், கிட்டே வர யோசிப்பார்கள். மரச் சட்டம், கித்தான் உறை, பச்சைச் சாயம். இவ்வளவுதான் நம் கவசப் படை.

துறையின் அலுவலகம் எங்கே என்று சொல்லக் கூடாது. கதவில் "துடைப்ப அறை" என்று எழுதியிருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். மறைப்பு எவ்வளவு கச்சிதம் என்றால், தினமும் காலையில் துப்புரவு ஊழியர் ஒருவர் உள்ளே வந்து துடைப்பத்தைத் தேடுவார். கிடைக்காமல் துறைத் தலைவரை முறைத்துவிட்டுப் போவார். என் கடைக்கு வந்தவர்தான் அந்தத் தலைவர். மாதிரி டாங்கியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"குழல் தொங்காதே?"

"தொங்காது சார். உள்ளே கழி வச்சிருக்கு. ரெட்டைத் தையல், மூலைக்கு மூலை பித்தளை வளையம். ரெண்டு வருஷம் கேரண்டி."

"எதிரி பார்க்கும்போது தொங்கிச்சுன்னா நாட்டோட மானம் போயிடும்."

பிறகு ஒரு தாளை நீட்டினார். "நான் என்ன தைத்தேன் என்பது எனக்குத் தெரியாது" என்று அதில் அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

இரகசியம் காப்பதில் நானும் குறை வைக்கவில்லை. என் தையல்காரரிடம், சிறுவர் பூங்காவுக்கு யானை தைக்கிறோம் என்று சொல்லியிருந்தேன்.

"யானைக்குத் தும்பிக்கை இவ்வளவு விறைப்பா இருக்குமா மொதலாளி?"

"கோபத்துல இருக்கு."

"நாப்பதுமா?"

"ஒரே குடும்பம்."

ஆனால் துறையின் இரகசியத்துக்கு முன்னால் என் இரகசியம் வெறும் சில்லறை. அவர்கள் நம் ராணுவத்திடமே சொல்லவில்லை. ராணுவப் பதிவேட்டில் நாற்பதும் இரும்பு டாங்கியாகவே ஏறின. டீசல் ஒதுக்கினார்கள். ஓட்ட ஒருவர், சுட ஒருவர் என்று டாங்கிக்கு இரண்டு பேரை நியமித்தார்கள்.

அந்த எண்பது பேரில் ஒருவன் என் தங்கை மகன்.

தங்கை இனிப்புப் பொட்டலத்தோடு கடைக்கே வந்துவிட்டாள். "அண்ணே, பையனுக்குப் பதவி உயர்வு! இத்தனை நாளா லாரி ஓட்டிக்கிட்டிருந்தான், இப்ப டாங்கி! ஆத்தங்கரையில புதுசா நாப்பது வந்திருக்காம்."

என் கையிலிருந்த அளவுகோல் கீழே விழுந்தது.

"என்னண்ணே, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"சந்தோஷம்மா."

"எனக்கும்தான். அவன் லாரியில போறப்பல்லாம் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டிருந்தேன். இப்ப சுத்தி இரும்பு. குண்டு விழுந்தாக்கூட உள்ள இருக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகாதாமே?"

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்களில் நான் முதன்மையானவன். துணியின் கனம் முதல் நூலின் இழை வரை சொல்வேன். இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைந்திருந்தால் பேச வேண்டியதில்லை.

மறுநாள் துடைப்ப அறைக்கு ஓடினேன்.

"சார், அந்த டாங்கிக்குள்ள ஆளுங்களை உக்கார வைக்கிறாங்க!"

"டாங்கின்னா ஆள் உக்காரத்தானே செய்வாங்க?"

"அது துணி சார்!"

தலைவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். "யார் சொன்னது?"

"நான்தானே சார் தைச்சேன்!"

"நீங்க என்ன தைச்சீங்கன்னு உங்களுக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்ப இது வேற எங்கேயோ கசிஞ்சிருக்கு." பேனாவைத் திறந்தார். "யாருன்னு சொல்லுங்க."

"கசியலை சார், விட்டுடுங்க. ராணுவத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை சொன்னா போதும். பசங்களை இறக்கிடுவாங்க."

"இறக்கிட்டா? ஆளில்லாத டாங்கியை எவன் நம்புவான்? டாங்கி பொய்யா இருக்கலாம் முதலாளி. உள்ள இருக்கிற பையன் நிஜமா இருக்கணும். எங்க கலையோட நுட்பமே அதுதான்."

எனக்கு வியர்த்தது, மரியாதையும் வந்தது. இப்படி ஒரு வியாபாரி எங்கள் சந்தையில் கிடையாது. நாங்கள் அதிகபட்சம் நல்ல வெங்காயத்தை மேலே பரப்பிவிட்டு அழுகலை அடியில் வைப்போம். அழுகலை மேலே பரப்பி, பிள்ளைகளை அடியில் வைக்க எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

சட்டம் இருக்கிறதே என்று வக்கீலிடம் போனேன். அவர் என் மனுவை ஓர் உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார். அரசும் தன் பதிலை உறையில் போட்டு முத்திரை வைத்தது. நீதிபதி இரண்டையும் இரண்டு கையில் எடுத்துப் பார்த்தார். அரசின் உறை கனமாக இருந்தது. உடனே என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். இரகசியம் என் காதில் விழுந்துவிடுமாம். என் வழக்கு நடந்து முடிகிறவரை நான் வராந்தாவில் நின்றேன். வக்கீல் மூன்றாவதாக ஓர் உறையோடு வந்தார்.

"தீர்ப்பு வந்திருச்சு."

"பிரிங்க சார்!"

"பிரிச்சா உங்களுக்கு ஏழு வருஷம், எனக்கு ஏழு வருஷம்."

"ஜெயிச்சோமா, தோத்தோமான்னாவது சொல்லுங்க."

"அதெல்லாம் உள்ளதான் இருக்கும். நீங்க கவலைப்படாதீங்க, என் ஃபீஸ் ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகன் விடுப்பில் வந்திருப்பதாகச் சொல்லித் தங்கை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தோம்.

"மாமாகிட்ட உன் டாங்கியைப் பத்திச் சொல்லுடா," என்றாள்.

"நல்ல வண்டி மாமா," என்றான் தட்டைப் பார்த்துக்கொண்டே. "ரொம்ப லேசா இருக்கு."

"எஞ்சின் சத்தம் காதைப் பிளக்குமோ?"

"சத்தமே இல்லை மாமா. அவ்வளவு நவீனம்."

"உள்ள புழுக்கமா இருக்காதாடா?" என்றாள் தங்கை.

"காத்து நல்லா வருதும்மா. எல்லாப் பக்கமும் வருது."

அவள் பூரித்துப்போய்த் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"ரெட்டைத் தையல். மூலைக்கு மூலை பித்தளை வளையம். பள்ளிக்கூட லீவுல உங்க கடையில உக்காந்து எத்தனை வளையம் அடிச்சிருப்பேன்? உள்ள நுழைஞ்ச உடனே உங்க கடை வாசனை வந்திச்சு மாமா."

"மத்த பசங்களுக்கும் தெரியுமா?"

"எண்பது பேருக்கும் தெரியும். துறைக்காரர் ஒருத்தர் வந்து, 'இது இரும்பு'ன்னு எழுதி எல்லார்கிட்டேயும் கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டார்."

"உங்க மேலதிகாரிங்க?"

"அவங்க பதிவேட்டைப் பார்த்தாங்க. டாங்கியைப் பார்க்க யாரும் வரலை. மாசக் கடைசியில ஆத்தைத் தாண்டச் சொல்லி உத்தரவு. உள்ள ரெண்டு பேரும் நின்னு தூக்கிக்கிட்டே நடக்கணுமாம். எதிரி சுடாத வரைக்கும் ஆபத்தில்லைன்னு துறைக்காரர் சொன்னார்." கொஞ்சம் தயங்கினான். "மாமா, குண்டு தாங்குமா?"

பொய் சொல்லி விற்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் யாரும் இப்படிக் கண்ணைப் பார்த்துக் கேட்டதில்லை.

"மழை தாங்கும் மாப்ள," என்றேன்.

சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கு ஒரு யோசனை தட்டியது. யோசனை நல்லதுதான். அதை நினைத்தாலே உடம்பு கூசியது. சரக்கில் குறை என்று வாடிக்கையாளர் சொன்னால் ஒத்துக்கொள்ளாத கடை எங்களுடையது. கிழிந்த படுதாவைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே விரித்தாலும், "அது காத்தோட்டத்துக்கு விட்டது" என்போம். அப்படிப்பட்ட பரம்பரையில் பிறந்தவன், மறுநாள் துடைப்ப அறையில் தலைவர் முன்னால் நின்று, பழுதில்லாத சரக்கைப் பழுது என்று தன் வாயாலேயே சொல்ல நேர்ந்தது.

"ஒரு தப்பு நடந்துபோச்சு சார். நூல் மட்டம். அடுத்த மழைக்குக் குழல் தொங்கிடும்."

எண்பது பையன்களைப் பற்றிச் சொன்னபோது ஜன்னலைச் சாத்தியவர், இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"நாப்பதுமா?"

"நாப்பதும்."

"எதிரி பார்த்துக்கிட்டிருக்கும்போதா?"

"மழை ஆள் பார்த்தா வருது சார்?"

"ஐயோ, நாட்டோட மானம்! உடனே சரி பண்ணுங்க!"

"கடைக்கு அனுப்பிடுங்க. மடிச்சா மூணு லாரியில வந்துரும்."

அன்று மாலையே வந்துவிட்டன. "பராமரிப்புக்காக" என்று பதிவேட்டில் எழுதினார்கள். டாங்கி இல்லாத டாங்கிப் படைக்கு என்ன வேலை? எண்பது பேரையும் மறு உத்தரவு வரும்வரை அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உயிரைக் காப்பாற்றச் சட்டத்தால் முடியவில்லை, கெஞ்சலாலும் முடியவில்லை. இனி என் தொழில் திறமை. தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்குவது எப்பேர்ப்பட்ட வேலை என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அரசாங்கத்துக்குத் தெரியாது.

"முடிஞ்சுதா முதலாளி?"

"நாளைக்கு சார்."

"நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க!"

"அது வேற நாளைக்கு சார்."

நூல் வரவில்லை. நூல் வந்தது, ஊசி உடைந்தது. ஊசி வாங்கினோம், தையல்காரரின் மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது.

"உங்க தையல்காரர் மாமியாருக்காக ஒரு போரையே நிறுத்தி வைக்கணுமா?"

"நல்ல தையல்காரர் கிடைக்கிறது கஷ்டம் சார்."

மாதக் கடைசி போயிற்று. அடுத்த மாதமும் போயிற்று. திடீரென்று ஒரு நாள், அக்கரைப் படை பின்வாங்கிவிட்டது என்றும் சமாதானம் பேச ஆள் அனுப்புகிறார்கள் என்றும் செய்தி வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அவர்களுடைய தளபதி பத்திரிகைக்காரர்களிடம் மனம்விட்டுப் பேசினார்.

"அவை துணி என்பது முதல் காற்றிலேயே தெரிந்துவிட்டது. படபடவென்று அடித்துக்கொண்டன. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலையில் நாற்பதையும் காணவில்லை. துணியை எடுத்துவிட்டார்களே, இனி நிஜத்தைக் கொண்டுவரப் போகிறார்கள் என்று அன்றைக்குத்தான் பயந்தோம்."

டாங்கிகளைத் தக்க சமயத்தில் "மறைத்த" மதிநுட்பத்துக்காகத் துறைத் தலைவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். கையோடு கடைக்கு ஒரு பரிசோதனைக் குழுவையும் அனுப்பினார்கள். குழு நாற்பது குழல்கள் மீதும் குழாய் போட்டுத் தண்ணீர் அடித்தது. ஒன்றுகூடத் தொங்கவில்லை. என் தையலின் பெருமை நிரூபணமானது. அதே நிமிடத்தில் என் குற்றமும் நிரூபணமானது. பழுதில்லாத சரக்கைப் பழுது என்று பொய் சொல்லி அரசை ஏமாற்றியதாக என் மேல் வழக்கு.

இந்த வழக்கில் உறை, அரக்கு எதுவும் கிடையாது. பொய் என்னுடையது என்பதால் எல்லோரும் கேட்கலாம் என்று கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். தங்கையும் மருமகனும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை, வீட்டுச் சாப்பாடு மட்டும் வந்துகொண்டிருந்தது.

முதல் சாட்சியாகத் தலைவர் கூண்டில் ஏறினார். நெஞ்சில் பதக்கம் ஆடியது.

"ஒரு வியாபாரியோட வார்த்தையை நம்பினேன் ஐயா," என்றார். குரல் தழுதழுத்தது. "ஒரு மனுஷன் இப்படிக் கூசாம பொய் சொல்வான்னு நான் நினைச்சுக்கூடப் பார்க்கலை."

நீதிமன்றமே உச்சுக் கொட்டியது. எனக்கே அவர் மேல் பரிதாபம் வந்தது.

"கடைசியா ஏதாவது சொல்லிக்கிறீங்களா?" என்று நீதிபதி என்னைக் கேட்டார்.

"எனக்குக் கணக்குதான் சொல்லத் தெரியும் ஐயா," என்றேன். "அரசு சொன்ன பொய் ஒண்ணு: துணியை இரும்புன்னு சொன்னது. எதிரி நம்பலை. நம்பினது என் தங்கச்சி. அந்தப் பொய்க்குள்ள போன பிள்ளைங்க எண்பது பேர். நான் சொன்ன பொய் ஒண்ணு: நல்ல நூலை மட்டம்னு சொன்னது. நம்பினது அரசு. அந்தப் பொய்யால வெளிய வந்த பிள்ளைங்க எண்பது பேர். பொய்க்குப் பொய் கழிஞ்சுது, பிள்ளைக்குப் பிள்ளை நேராச்சு. பாக்கி நிக்கிறது ஒரு பதக்கமும் ஒரு வழக்கும்தான். அது ரெண்டும் பேர் மாறி ஏறியிருக்கு ஐயா."