வார்ட்டுக்குள் வந்த ஆனை

நோயாளிக்கு எது நல்லது என்று நோயாளியைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்திருந்தது. கட்டட வடிவமைப்புப் படித்து முடித்த கையோடு, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்ட்டைத் திருத்தும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது.

இயற்கைக் காட்சியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் நோயாளியின் பயமும் நோவும் குறையும் என்று ஆராய்ச்சிகள் சொல்வதாகப் படித்திருந்தேன். வெறும் சுவரில் ஒரு காட்டைக் கீறுவித்தேன். "நடுவில ஏதாவது பெரிசா வேணும்" என்று ஓவியரிடம் சொன்னேன். அவர் கொம்பன் யானை ஒன்றைக் கீறினார், நிஜ யானையின் அளவிலேயே. (கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் உயிர் கொடுக்கச் சொன்னதும் நான்தான்.)

படம் கீறி முடிந்த மறுநாள் விடிய, ஒட்டுசுட்டானிலிருந்து இராசையா அண்ணையைக் கொண்டுவந்தார்கள். வயலுக்குள் இறங்கிய யானை துரத்தியதில் வாய்க்காலுக்குள் விழுந்து கால் வீங்கியிருந்தது. ஊசி போட்டதால் ஆள் நல்ல நித்திரை. வெறுமையாக இருந்தது அந்த யானைச் சுவரோரக் கட்டில் மட்டுந்தான்; அதிலேயே கிடத்தினார்கள்.

மத்தியானம் நானும் டொக்டரும் வார்ட் வாசலில் நின்று காற்றோட்டத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது அண்ணை கண் விழித்தார்.

"ஐயோ! ஆனை! ஆனை!"

எங்கள் பக்கத்தில் இப்படி ஒருவர் கத்தினால், எங்கே என்று விசாரித்துவிட்டு ஓடுகிற வழக்கம் இல்லை. ஒருவர் சேலைன் ஸ்டாண்டை இழுத்துக்கொண்டு ஓடினார். இன்னொருவர் சோற்றுத் தட்டோடு ஓடினார். எழும்ப முடியாது என்று மூன்று நாளாகப் படுத்திருந்த கிழவர் ஜன்னலால் குதித்தார். எல்லோருக்கும் முன்னால், செருப்பையும் கழற்றி எறிந்துவிட்டு ஓடியது நான். ஆஸ்பத்திரி வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, "எந்தப் பக்கத்தால வந்தது?" என்று கேட்டேன்.

ஆறுதலாக நடந்து வந்த டொக்டர் சொன்னார்: "பயப்பிடாதேங்கோ பிள்ளை. அது நீங்கள் கீறுவிச்ச ஆனை."

திரும்பிப் போனேன். இராசையா அண்ணை கட்டிலுக்குக் கீழே இருந்தார்.

"வெளியால வாங்கோ அண்ணை. அது பெயின்ற்."

"பெயின்ற் எண்டு இப்ப தெரியுது பிள்ளை. எண்டாலும் அது என்னைத்தான் பாக்குது."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். டொக்டரோ, "கட்டில் கட்டிலாப் போய்க் கேட்டுப்போட்டு வாங்கோ. மிஸிமாரையும் கேளுங்கோ" என்றார். (மிஸி என்றால் தாதி.) கேட்டேன். படம் வேண்டும் என்று ஒரு குரல்கூட இல்லை. துணைக்கு நிற்பவர் இருக்க ஒரு கதிரை, இரவில் கண்ணைக் குத்தாத லைற், டொக்டர் வரும் நேரம் பார்க்க மணிக்கூடு என்று நோயாளிகள் கேட்டார்கள். மிஸிமார் கேட்டது, கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்க ஓர் அறை. எல்லாவற்றையும் செய்து கொடுத்தோம். யானைக்கு மேல் வெளிர் பச்சை அடித்தோம்.

பிறகு எனக்குக் கலியாணம் வந்தது. மண்டப வாசலில் அலங்காரத்துக்கு கடதாசி மட்டையில் வெட்டிய இரண்டு யானைகளை நிறுத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் பார்த்து நிற்க, அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னார்:

"பிள்ளை, ஓடிப்போடாதை. இது மட்டை."

மாப்பிள்ளைக்கு அதுவரை கதை தெரியாது. இப்போது என்னைவிட அவர்தான் அதை நன்றாகச் சொல்கிறார், ஓடியும் காட்டி.