எலி வருஷத்து மாப்பிள்ளை

வலது காலைத் தூக்கி வாசற்படியில் வைக்கப்போன நேரத்தில் தொவானின் கைப்பேசி அலறியது.

"காலக் கீழ வச்சிடாதீங்க!" என்றாள் லுவா. மாடி ஜன்னலில் அவள் தலை தெரிந்தது.

தொவான் ஒற்றைக் காலில் நின்றான். அவளைப் பெண் கேட்பதற்காக இரவெல்லாம் ரயிலில் ஹூவே நகரத்துக்கு வந்தவன்.

"வருஷம் பொறந்தன்னிக்கு வீட்டுக்குள்ள மொதல்ல யாரு காலடி வைக்கிறாங்களோ, அவங்க ராசிதான் வருஷம் முழுக்க. இது குதிரை வருஷம், நீங்க எலி வருஷத்துல பொறந்தவரு. சுத்தமா ஒத்து வராது. அப்புறம் அப்பாவோட கடை படுத்துச்சுன்னா அவரு நம்ம கல்யாணத்துக்குச் சம்மதிக்கவே மாட்டாரு. குதிரைக்கு நாய்தான் பொருத்தம், அதான் நாய் வருஷத்துக்காரரு ஹான் வாத்தியார வரச் சொல்லியிருக்கோம். அவரு வந்ததும் போன் பண்றேன். அதுவரைக்கும் ஊரைச் சுத்திப் பாருங்க."

"பசிக்குதே, லுவா!"

"ஊரு ரொம்ப அழகா இருக்கும்." ஜன்னல் மூடிக்கொண்டது.

வாசலோரம் ஒரு மெலிந்த நாய் அவனுடைய பையையே பார்த்துக்கொண்டிருந்தது. பெண் வீட்டுக்கென்று அம்மா செய்து கொடுத்த ஒரு ஜோடி பான் டெட் அதில் இருந்தது. வாழையிலையில் வைத்து அவித்த ஒட்டரிசிக் கட்டி. மேலே சிவப்பு நூல் கட்டு. தொவான் ஒன்றை எடுத்து நாயின் முன் வைத்தான்.

"நீயாவது சாப்பிடு. இன்னிக்கு நம்ம ரெண்டு பேரைத்தான் யாரும் உள்ள கூப்பிடல."

ஆற்றுப் பாலத்தைப் பார்த்தான். கோட்டை மதிலைப் பார்த்தான். எதுவும் மனதில் ஏறவில்லை. தவறிப்போய் யார் வீட்டுப் படியிலாவது கால் பட்டுவிடுமோ என்ற பயத்தில் நடுத்தெருவிலேயே நடந்தான். கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. அகழியைத் தாண்டும்போது கைப்பேசியும் உயிரை விட்டது. இனி வாத்தியார் வந்தாரா இல்லையா என்று எப்படித் தெரியும்?

ஒரு சந்தில் பட்டு உடுத்திய பெண்மணி வாசலில் நின்றிருந்தாள்.

"அக்கா, இத உள்ள கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கட்டுமா?"

"எந்த வருஷம், தம்பி?"

"எலி."

"ஐயய்யோ, அங்கயே நில்லு!" துடைப்பத்தை ஓங்கினாள். புத்தாண்டில் துடைப்பத்தை எடுத்தால் வீட்டுச் செல்வம் போய்விடுமே என்ற நினைவு வந்ததும், கீழே போடவும் பயந்து ஓங்கிய கையோடு நின்றாள்.

அடுத்த தெருவில் தொவான் புத்திசாலித்தனமாக ஒரு பொய் சொன்னான். "நாய் வருஷங்க."

"ஏ, இங்க ஒரு நாய் வருஷத்துக்காரரு!"

தெருவே திரண்டுவிட்டது. ஒருவர் கையை இழுத்தார், ஒருவர் பையை இழுத்தார்.

"எங்க வீட்டுக்குத்தான் மொதல்ல!"

"போன வருஷம் பூரா ஆஸ்பத்திரியிலயே போச்சு, தம்பி. ஒரே ஒரு காலு வச்சிட்டுப் போங்க!" என்று ஒரு கிழவர் கும்பிட்டார்.

தொவான் கிழவரைப் பார்த்தான். சார்ஜுக்காக இந்த மனிதரின் வருஷத்தைக் கெடுப்பதா? புத்தரை நினைத்துக்கொண்டு பையைப் பிடுங்கி ஓட்டம் எடுத்தான். புத்தாடைக் கூட்டம் பின்னால் ஓடி வந்தது.

"பிடிங்க! அதிர்ஷ்டம் ஓடுது!"

தியன் மூ கோயிலின் ஆற்றங்கரைப் படிகளில் வந்துதான் விழுந்தான். அங்கே புதுக் கோட்டு போட்ட ஒரு பெரியவர் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன, எலியா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் எலிதான். விடியறதுக்கு முன்னாடி கோயிலுக்கு வந்தேன். எனக்கு முன்னாடி வேற ஆள் நுழைஞ்சாங்களான்னு தெரியாம வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு. போனு பழைய சட்டையிலயே இருந்துடுச்சு."

தொவான் மனம் கேட்காமல், மிச்சமிருந்த பான் டெட்டைப் பிரித்துப் பாதியை அவருக்குக் கொடுத்தான். பெரியவர் ஆவலோடு சாப்பிட்டார். சிவப்பு நூலை விரலில் சுற்றிக்கொண்டார்.

"இதுல இன்னிக்கு என் பொண்ணு லுவாவக் கேட்டு ஒருத்தன் வர்றான். அவனும் எலியாம். என் தொப்பிக் கடைக்கு ஒரு எலி போதாதா?"

தொவான் தன் பாதியைக் கீழே வைத்தான். பொய் சொல்லி ஒருமுறை பட்டாயிற்று.

"அந்த எலி... நான்தாங்க."

பெரியவர் கையிலிருந்த இலையைப் பார்த்தார். "அப்போ இது எங்களுக்குக் கொண்டுவந்ததா?"

"ஆமாங்க."

"ஒண்ணே ஒண்ணா? பொண்ணு கேக்க வர்றவன் ஜோடியாக் கொண்டுவர வேணாமா? ஒத்தையில வந்தா கல்யாணம் நிலைக்காதேடா!"

இன்னொன்றை நாய்க்குப் போட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

இந்நேரம் யாராவது நுழைந்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில், உச்சி வெயிலில் இருவரும் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். படியருகே இரண்டு பேரும் கல்லாய் நின்றார்கள்.

"நீ போய்ப் பாரு."

"நீங்க பெரியவங்க, நீங்க போங்க."

கதவைத் திறந்துகொண்டு லுவாவின் அம்மா வந்தாள்.

"ரெண்டு பேரையும் எங்கெல்லாம் தேடுறது? ஹான் வாத்தியாருக்குக் காய்ச்சல், வரல. ஆனா விடிஞ்சதுமே நாயே உள்ள வந்துடுச்சு! வாயில சிவப்பு நூல் கட்டின பான் டெட்டு வேற. அத எந்தப் புண்ணியவான் குடுத்தானோ, வருஷம் பொருந்தினாலும் பொருந்தாட்டியும் நம்ம லுவாவ அவனுக்குத்தான் குடுக்கணும்!"