காரணம்: மிருதங்கம்

"சசி, உன் வீட்டைப் பத்தி என் போன் சத்தமா படிச்சிக்கினு இருக்குப்பா! பால் பூத்துல அத்தனை பேரும் கேட்டுட்டாங்க."

அடுத்த பிளாக் சிவப்பிரகாசம் போனில் இதைச் சொன்னதும், சசிகுமார் வாய்க்குக் கொண்டுபோன இட்லி தட்டுக்கே திரும்பியது.

டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் மாற்றிக்கொள்ள நினைப்பவர்களுக்காக அவன் ஓர் இணையதளம் நடத்தினான். ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அதனால் போன வாரம் அதில், புது விவரங்களைத் தானே அனுப்பும் ஒரு ஃபீட் சேர்த்தான். புது விண்ணப்பம் ஏறினால் போதும். அவரவர் போனிலுள்ள ஏ.ஐ. உதவியாளரே எடுத்துப் படித்துச் சொல்லிவிடும். முதல் விண்ணப்பம் அவனுடையதுதான். ஆனால், நிர்வாகி மட்டும் பார்க்கவேண்டிய 'காரணம்' கட்டமும் ஃபீடில் போய்விட்டது.

"அப்படி என்னதான் காரணம் எழுதினீங்க?" என்றாள் மனைவி உமாராணி.

"மேல் வீட்டு சிங்காரவேல் விடியக்காலை நாலரைக்கு மிருதங்கம்ங்கிற பேர்ல தகர டப்பாவைத் தட்டுறார்னு. அதுவும் என் ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரமா பார்த்து!"

உமாராணி அவசரமாகச் சட்னி எடுக்கப் போனாள்.

"வீடு மாற அசோசியேஷன் தலைவர் கையெழுத்து வேணும். தலைவர் யாரு? சிங்காரவேல்! போச்சு, ரிட்டயர் ஆகிற வரைக்கும் டப்பாவுக்கு அடியிலதான் நாம."

எழுதியதை அழித்தான். போன்கள் அதை ஏற்கெனவே விழுங்கியிருந்தன.

'டப்பா என்று எழுதியது தவறு' என்று மறுப்பு போட்டான். "ஒரு மறுப்பு வந்துள்ளது. எதற்கு மறுப்பு என்றால்..." என்று எல்லாப் போன்களும் முதலிலிருந்து படித்தன.

'சிங்காரவேல் வாசிப்பு தேன்' என்று இன்னொன்று போட்டான். மறுபடி போனில் சிவப்பிரகாசம்.

"என் போன் என்ன சொல்லுது தெரியுமா? 'ஏழு மணிக்கு டப்பா, எட்டு மணிக்குத் தேன். இவர் பேச்சை நம்ப வேண்டாம்'னுதுப்பா!"

மாடியில் நாற்காலி இழுபட்டது.

"நேராப் போய்க் கால்ல விழுந்துடுறேன்" என்று சசிகுமார் சட்டையை மாட்டினான்.

உமாராணி ஓடிவந்து கதவை மறித்தாள். "வேணாங்க! அவர்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க!"

"ஏன், உனக்கு எதுக்கு இப்படி வேர்க்குது?"

அப்போதுதான் 'காரணம்' கட்டத்தை இன்னும் ஃபீடிலிருந்து எடுக்கவில்லை என்பது அவனுக்கு உறைத்தது. லேப்டாப்பைத் திறப்பதற்குள் அவனுடைய போனே கணீரென்று படித்தது:

"புது விண்ணப்பம். மாடி வீடு, சிங்காரவேல். காரணம்: எனக்கு மிருதங்கம் வாசிக்கத் தெரியாது. அலாரத்துக்கு எழாத புருஷனை ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு எழுப்பிவிடச் சொல்லி, கீழ் வீட்டு உமாராணிதான் அதை வாங்கிக்கொடுத்தார். மூன்று வருடமாகத் தட்டித் தட்டி விரல் வீங்கிவிட்டது."