சரோஜாவின் கோழிகள்

"லீலாம்மா, பதறாம கேளுங்க. உங்க எலும்பு ரொம்பப் பலவீனமா இருக்கு. உங்களுக்குத்தான் நாற்பத்தேழு வயசு, எலும்புக்கு எழுபதைத் தாண்டிடுச்சு" என்றாள் போனில் நர்ஸ் பெருந்தேவி. "கனமா எதையும் தூக்காதீங்க. மாத்திரையை ஒரு நாள்கூட விட்டுடாதீங்க."

லீலா பதறத்தான் செய்தாள். ஆனால் தனக்காக இல்லை. அந்த எலும்பு அவளுடையதே இல்லை.

சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் அவளுக்கு வேலை. நாளெல்லாம் நின்றபடி, வெயிலே படாமல் உழைக்கிற பெண்களின் எலும்பு என்ன ஆகிறது என்று பார்க்க ஒரு மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சி தொடங்கியது. ஒரு ஸ்கேன், தினம் ஒரு மாத்திரை, இரண்டு வருஷம். ரிப்போர்ட் கம்பெனிக்குப் போகாது என்று பெருந்தேவி படித்துப் படித்துச் சொன்னாள். லீலாவும் பேர் கொடுத்து கார்டு வாங்கிவிட்டாள். ஆனால் யார் நம்புகிறார்கள்? தை பிறந்தால் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம். லீலாவின் முழங்காலோ உட்கார்ந்தால் ஒரு சத்தம், எழுந்தால் ஒரு சத்தம்.

"இதுக்கா அழுவுற? உன் கார்டுல நான் போறேன்க்கா" என்றாள் கூட வேலை பார்க்கும் சரோஜா. "ஷிப்ட் மாத்திக்கிறதில்லையா, அந்த மாதிரிதான். மாஸ்க் போட்டா எல்லாம் ஒரே மூஞ்சி."

சரோஜா ஆராய்ச்சியில் சேரவில்லை. "கல்லுக்கு எதுக்குக்கா ஸ்கேனு?" என்று சிரித்துவிட்டாள். சோற்று அண்டாவைத் தனியாளாக இறக்குகிறவள். போன வருஷம் தம்பி கல்யாணம் என்று போய் இரண்டு மாதம் கழித்து வந்தபோதும், சூப்பர்வைசர் காசிராஜன் அந்தத் தோளுக்காகவே மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார்.

ஸ்கேன் முடித்து மாத்திரைப் பையோடு வந்தாள்.

"உனக்கு வேணாம்னா தூரப் போட்டுடாதக்கா. எங்க வூட்டு கோழிங்களுக்குப் போடறேன். முட்டை ஓடு கெட்டியாவும்."

லீலா சிரித்தபடி பையைக் கொடுத்துவிட்டாள். இருபது நாளாக ஆராய்ச்சி மருந்து பிள்ளைப்பாக்கத்துக் கோழிகளின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

இப்போது இந்தப் போன். சரோஜா புருஷனில்லாதவள், இந்தச் சம்பளம் ஒன்றுதான் பிடிப்பு. அவளிடம் போய் உன் எலும்பு உளுத்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? விஷயம் காசிராஜன் காதுக்குப் போனால் வேலை போகும். சொல்லாமல் விட்டால் ஒரு நாள் அண்டாவோடு சரோஜாவும் சாய்வாள்.

போன் ஸ்பீக்கரில் இருந்ததை அவள் கவனிக்கவில்லை. கணவன் ரகுபதி கவனித்துவிட்டான். மறுநாள் காலையிலேயே காசிராஜன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சார், எங்க வூட்டம்மாவுக்கு எலும்பு கண்ணாடி மாதிரி கீதாம். கொஞ்சம் பாத்து வேலை குடுங்க சார்."

காசிராஜன் கெட்டவர் இல்லை, அதுதான் வினை. கேன்டீனே கேட்கும்படி சொன்னார்: "லீலா, எலும்பு வீக்குன்னு சொல்லக் கூடாதா? நீ உக்காந்து வெங்காயம் உரி. உன் அண்டாவையும் சரோஜா பாத்துப்பா."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காயிற்று. உளுத்த எலும்புக்கு இரட்டைச் சுமை!

சரோஜா மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னாக்கா சொல்றாரு? அந்த ஸ்கேன்ல நான்தானே படுத்தேன்?"

லீலாவின் வாயில் ஒரு பொய் தானாக வந்தது.

"அது இல்ல சரோஜா. அது சரியா வுழலியாம். போன வாரம் மறுபடி கூப்ட்டாங்க, நானே போயிட்டு வந்தேன். அதுலதான் இப்டி வந்துட்சி. உன்னுது இல்ல, என்னுது."

சரோஜா நெடுநேரம் சாம்பாரையே கிளறிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாத்திரைப் பை லீலாவின் மடியில் விழுந்தது.

"கோழிக்கு இன்னாக்கா, அது பாட்டுக்கு மேஞ்சிக்கும். நீ முழுங்கு. ஒரு நாள் வுடாத."

"ஐயோ, எனக்கு வேணாம்டி!"

"சும்மா இரு. உனக்கு ஒண்ணு ஆச்சின்னா எனக்கு யாரு கீறா?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதுவரை கோழியாவது தின்றது, இனி அதுவும் இல்லை. மதியம் சரோஜா குழம்பு அண்டாவைப் பிடித்ததும் லீலா வெங்காயத்தை உதறிவிட்டு ஓடி அண்டாவின் மறுபக்க வளையத்தைப் பிடித்தாள்.

"வுடும்மா!" என்று கத்தினார் காசிராஜன். "நீ வுழுந்து தொலைச்சா நான் ஜெயிலுக்குப் போவணுமா? இன்னொரு வாட்டி பாத்தேன், கேட்டுக்கு வெளியதான்!"

சரோஜா தனியாகவே தூக்கினாள். இறக்கும்போது ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். லீலாவின் கண்ணில் வழிந்தது வெங்காயக் கண்ணீர் இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை.

வேலை போனால் போகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலை மாத்திரைப் பையோடு பிள்ளைப்பாக்கம் போய் இறங்கினாள். பொய்யை ஒத்துக்கொண்டு, உண்மையைச் சொல்லி, முதல் மாத்திரையைத் தன் கையாலேயே முழுங்க வைத்துவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு.

சரோஜாவின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மீனம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ரேஷன் கடைக்குப் போயிருக்கா. நீ யாரும்மா?"

"கூட வேல பாக்கறேன். லீலா."

"கையில இன்னாம்மா பை?"

வந்த விஷயத்தை முன்பின் தெரியாதவளிடம் சொல்ல முடியுமா?

"சரோஜா கோழிக்குப் போடற மாத்திரை…"

மீனம்மாள் பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள்.

"கோழியா? இங்க ஏதும்மா கோழி? போன வருஷம் வுழுந்து இடுப்பு விரிசல் வுட்டு ரெண்டு மாசம் படுத்துக் கெடந்தாளே, அதுலேர்ந்து அலைஞ்சி கடசில கெடச்ச மாத்திரை இது. அதையும் யாரோ அக்காவுக்கு எலும்பு வீக்குன்னு தூக்கிக் குடுத்துட்டு, நொண்டிக்கினே போறா பாரு!"