சைரன் அக்காவுக்கு என்ன வியாதி?

திருவொற்றியூரில் சைரன் அக்காவின் குரலுக்குப் பயப்படாத ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. கண்டெய்னர் லாரிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பயிற்சி இன்ஜினியராகச் சேர்ந்த தொழிற்சாலையில் அவர் கேன்டீன் சமையல்காரர். ஷிப்ட் சைரன் பழுதானால் அவர் யாரையாவது திட்டினால் போதும், ஷிப்ட் மாறிவிடும். திட்டு வாங்கியவை: வராத தண்ணீர், வேகாத பருப்பு, கேட்டை அடைத்து நின்ற ஒரு லாரி. கரண்டியோடு போனார், லாரி ரிவர்ஸில் போனது.

ஆடி வெள்ளியன்று அதே குரலில் அவருக்குச் சாமி வரும். எங்கள் மேனேஜர் கைகட்டி நின்றார்.

"தாயே, புரமோஷன்?"

"குடுக்கறன்டா, போடா!"

மேனேஜர் பரவசத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை கேன்டீன் சமையலறையில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். புகையை வெளியே தள்ளும் ஃபேன் ஓடி மாதங்கள் ஆகியிருந்தன. அக்கா நேரே மேனேஜர் அறைக்குப் போனார். "டேய், ஃபேனு எப்போடா போடுவ?"

வெள்ளிக்கிழமை வரமாக இருந்த 'டா', திங்கட்கிழமை வியாதியாகிவிட்டது. மனநல டாக்டரைப் பார்த்துச் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்கள். துணைக்கு நான் போனேன்.

"காதுல குரல் ஏதாச்சும் கேக்குதாம்மா?" என்றார் டாக்டர்.

"கேக்குதே. பக்கத்து வூட்டு டிவி."

"சாமி வருமாமே?"

"வரும். அதுவும் வியாதியா?"

"ஊரே ஏத்துக்குது. அதை வியாதியில சேக்க மாட்டோம்."

"அப்போ கோவம்? அத்த எந்த ஊரு ஏத்துக்கணும் நைனா?"

டாக்டர் பேனாவை மூடினார். நல்ல மனிதர், உள்ளதைச் சொன்னார். வியாதி என்று எழுதினால் மருத்துவ விடுப்பு கிடைக்கும், வேலை தப்பும். இல்லை என்று எழுதினால் அது திமிர், வேலை போகும்.

"நான் பைத்தியம்னு எழுதிட்டா, ஃபேனு நல்லா ஓடிக்கினு கீதுன்னு ஆயிடும். கோவம்னு எழுது."

"அப்படி ஒரு வியாதி புத்தகத்துல இல்லம்மா."

"அப்போ இல்லன்னே எழுது."

எழுதினார். வேலை போனது.

எனக்கு இன்னும் ஆறவில்லை. தன் கேன்டீனிலேயே ஒருத்தி புகையில் சுருண்டு விழுந்தும் கோபமே வராத அந்த மேனேஜரை எந்த டாக்டரிடமும் யாரும் அனுப்பவில்லையே! அதற்கு அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம்?

அக்காவோ தொழிற்சாலை கேட்டுக்கு எதிரிலேயே இட்லிக்கடை போட்டுவிட்டார். அடுத்த ஆடி வெள்ளியன்று மேனேஜர் வெட்கமில்லாமல் தேங்காயோடு வந்து நின்றார். வேப்பிலையோடு ஆடி வந்த அக்கா அவரைத் தாண்டி வந்து, என் தலையில் கைவைத்தார்.

"இன்னாமே, எளச்சிட்ட? சாப்ட்டியா?"

கேட்டது சாமியா, அக்காவா? வகை பிரிக்க எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.