ரசமட்டம் தொடாதவர்

சுவர்க் கடிகாரம் கோணலாகத் தொங்கியது. அதை மாட்டியவரே அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் மாட்டுவதுதான் அவருக்குத் தொழில். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை இருபது வருடமாகத் தொட்டதில்லை. "கண்ணு இருக்கறவனுக்கு அந்தக் குமிழி எதுக்கு?" என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டவர்.

அன்று காலை கழுத்துப் பிடிப்புக்காக, எலும்பையும் தசையையும் கையாலேயே நீவிச் சரிசெய்யும் ஆஸ்டியோபதி டாக்டரிடம் போயிருந்தார். டாக்டர் தலையைப் பிடித்து லேசாகத் திருப்பினார். 'மடக்' என்று ஒரு சத்தம். வலியே இல்லை. ஆனாலும் பயத்தில் அவர் போட்ட அலறலைக் கேட்டு வெளியே காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். டாக்டர் கை துடைக்கத் திரும்பியதும், வெட்கம் பிடுங்கித் தின்ன, செருப்பைக்கூட மாட்டாமல் நழுவி வந்துவிட்டார்.

இப்போது கழுத்து பஞ்சு மாதிரி இருந்தது. உலகம்தான் சாய்ந்திருந்தது.

"ஏங்க, தலையை ஏன் ஒரு பக்கமா வச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"இதுதான் நேரான தலை. நீ கோணத் தலையைப் பாத்தே பழகிட்ட."

சொன்ன பிறகுதான் திக்கென்றது. அப்படியென்றால் இத்தனை வருடம் மாட்டியதெல்லாம்? அவர் கூனிக்குறுகிப் போனார்.

கடிகாரத்தைத் திருத்திவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு ஓடினார். அங்கே முப்பத்திரண்டு படங்கள், எல்லாம் அவர் கைவேலை. ஒன்றுகூட நேராக இல்லை. ஆணிகளைப் பிடுங்கி மாற்றி அடிக்கத் தொடங்கினார்.

"என்ன பண்றீங்க? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் நூலகர் அம்மா.

"நேத்து வரைக்கும் என் கழுத்து சரியில்லம்மா. இவ்வளவு நாள் பொறுத்துக்கிட்டீங்களே, மன்னிச்சிடுங்க."

கண் கலங்கி நிற்கிற மனுஷனைத் தடுக்க மனசில்லாமல் அந்த அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் வாசகர்கள் எல்லாரும் தலையைச் சாய்த்துக்கொண்டே நடந்தார்கள்.

மறுநாள் வங்கி, பள்ளிக்கூடம் என்று வாசல் வாசலாக மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார். கண் மருத்துவமனையின் எழுத்துப் பலகையையும் விடவில்லை. அன்று அங்கே வந்த நாலு பேர், பார்வை போய்விட்டதென்று பயந்து அழுதார்களாம்.

மூன்றாம் நாள் செருப்பை எடுக்க டாக்டரிடம் பூனை மாதிரி நுழைந்தார். வரவேற்பு மேஜைப் பெண் செருப்பை எடுத்துக் கொடுத்தாள். அவள் தலைக்கு மேலே டாக்டரின் பட்டச் சான்றிதழ், அதுவும் இவர் மாட்டியதுதான், கோணலாகத் தொங்கியது.

"இதுவும் நான் பண்ண பாவம்தாம்மா," என்று நாற்காலியில் ஏறி, அதைத் திருத்திவிட்டு இறங்கினார். "இருபது வருஷம் ஊரை ஏமாத்தியிருக்கேன். இனிமே யார் மூஞ்சியில முழிப்பேன்?"

அவள் சான்றிதழைப் பார்த்தாள். அவர் தலையைப் பார்த்தாள்.

"அண்ணே, முதல்ல உள்ள போய்ப் படுங்க. அன்னிக்கு டாக்டர் கழுத்துல ஒரு பக்கம்தான் எடுத்துவிட்டாரு, அடுத்த பக்கம் எடுக்கறதுக்குள்ள நீங்க ஓடிட்டீங்க."