மூளை தண்டமில்லை மச்சான், மூளைத்தண்டு

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் இடுப்பும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் நலம்தானே?

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து என் சலூனை இழுத்துப் பூட்டி, எங்கள் இருவரையும் உங்கள் வீட்டு மாடி அறைக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னீர்களாம். வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை, உறுதியாகச் சொல்கிறேன். நாள் முழுக்க நின்று வேலை செய்பவனுக்கு இடுப்பு வலிக்காமல் பல்லா வலிக்கும்? ஆனால் ஒரு விசித்திரம். ஒருவர் கழுத்தில் கத்தி வைத்திருக்கும்வரை வலி இருக்கிற இடம் தெரியாது. நாற்காலி காலியானதும் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். டாக்டரிடம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார்: "வலி கீழேருந்து மேல போகுதில்ல, வழியில மூளைத்தண்டு இருக்கு. முக்கியமான வேலை நடக்கும்போது, 'இப்ப சும்மா இரு'ன்னு அது முதுகுத்தண்டுக்குத் தகவல் அனுப்பி வலியை அடக்கிடும். பயந்துக்கிட்டே இருந்தா அதே தண்டு வலியை ஏத்தியும் விடும்." கதவுக்கு வெளியே நின்ற உங்கள் தங்கை காதில் இத்தனையிலும் விழுந்தது ஒன்றே ஒன்று: மூளை தண்டம். "நான் இத்தனை வருஷமா சொன்னதைத்தானே அவரும் சொல்றாரு" என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். கொஞ்சம் நிம்மதியும் தெரிந்தது.

அன்று கடை விடுமுறை. வீட்டில் சும்மா உட்கார்ந்தேனா, வலி பிடித்துக்கொண்டது. தண்டுக்கு முக்கியமான வேலை ஒன்று கொடுத்தால் ஆச்சு என்று ஒரு பலூனை ஊதி, நுரை போட்டு, மழிக்கத் தொடங்கினேன். தொழில் பழகும்போது நாங்களெல்லாம் அப்படித்தான் பழகினோம். வெடிக்கக் கூடாது, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்ய முடியும். வலி போயே போச்சு. அந்தச் சந்தோஷத்தில் பழக்கதோஷமாகப் பலூனிடம், "கிருதா இவ்வளவு போதுமா சார்?" என்று கேட்டுத் தொலைத்தேன். நிமிர்ந்தால் வாசலில் உங்கள் தங்கை. அவள் உங்களுக்குப் போன் செய்ததில் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் செய்திருப்பேன். ஆனால் கடையை மூடப்போகிறீர்கள் என்று கேட்டதிலிருந்து அந்தத் தண்டு கட்சி மாறி, வலியை ஏற்றிக்கொண்டே இருக்கிறது.

மச்சான், கடை போனால் எனக்கு வலி மட்டும்தான் மிஞ்சும். உங்கள் மாடி அறையில் நாற்காலி இருக்கும், அதில் வந்து உட்கார ஆள் இருக்காது. அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. டாக்டர் சொன்ன பயிற்சியைத் தினமும் செய்கிறேன், இடையிடையே உட்கார ஒரு முக்காலியும் போட்டாயிற்று. கடை திறந்துதான் இருக்கும். நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு முடி வளர்வதுபோல் ஆயுளும் வளரட்டும்.

இப்படிக்கு,
மூளையும் தண்டும் தத்தம் இடத்தில் உள்ள
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டலாம் என்று எழுந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. பலூன்களும் தீர்ந்துவிட்டன. ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். அதுவரை தாடியை எடுக்காதீர்கள். கத்தி உங்கள் கழுத்தில் இருக்கும்போது எனக்கு வலிக்காது. கடையை மூடுவது பற்றி அப்போது நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.